விடியக்காலை நாலரை மணிக்கு உங்க பட்டறையில ஏன் லைட் எரியுது? பிளேஆஃப் நேரத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் என் தூக்கம் கெடும், தாடி வளரும், பேச்சு குறையும். பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். பட்டறைப் பையன்கள், டீக்கடை, பால்காரர், மாமனார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன். இது 2025 ஏப்ரல் இரண்டாவது வாரம். அமெரிக்கா, கனடாவில் நடக்கிற ஐஸ் ஹாக்கியில் 17-ஆம் தேதி லீக் ஆட்டங்கள் முடிகின்றன, 19-ல் பிளேஆஃப் ஆரம்பம்.

ஹாக்கின்னா நம்ம ஹாக்கிதானே?

இல்லை. கோவில்பட்டிப் பிள்ளைகள் ஆடுகிற ஹாக்கி வேறு. பாஸ்கரன் தலைமையில் 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கினோமே, அந்த ஹாக்கி வேறு. எங்கள் அப்பாவுக்கு அதைத் தவிர வேறெதுவும் ஹாக்கி கிடையாது. நான் பார்ப்பதை "சறுக்கு விளையாட்டு" என்றுதான் சொல்வார்.

இது உறைந்த பனித்தரையில், காலில் கத்தி மாதிரி தகடு கட்டிய காலணியோடு ஆடுவது. நீளம் 200 அடி, அகலம் 85 அடி, சுற்றிலும் தடுப்புச் சுவர். கோல்கீப்பரோடு சேர்த்து ஆளுக்கு ஆறு பேர். பந்து கிடையாது, ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குல கனம், 170 கிராம் எடை. தட்டுவடை செட்டுக்கு வைக்கிற தட்டுவடையை இரண்டு பங்கு பெரிதாக்கி, நாலைந்தை அடுக்கி இறுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைக்கிறார்கள். அதைத்தான் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறார்கள், ஒருத்தர் குறுக்கே போய் விழுந்து தடுக்கிறார்.

ஏற்காட்டிலேயே பனி பெய்யாது. சேலத்துக்காரனுக்கு இது எப்படி ஒட்டிச்சு?

தம்பியால். 2013 ஜனவரியில் வேலைக்காக டொராண்டோ போனான். போன நாலாவது மாதம், மே 14 விடியக்காலை, வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்கு அது 13-ஆம் தேதி ராத்திரி. "அண்ணா, இங்க ஊரே தெருவுல நிக்குது, பாரு" என்று மடிக்கணினியை டிவி பக்கம் திருப்பி வைத்தான். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் பாஸ்டன் புரூயின்ஸும் மோதுகிற ஏழாவது ஆட்டம். விதி எதுவும் எனக்குத் தெரியாது. 4-1 என்று லீஃப்ஸ் முன்னால் இருக்கிறது, கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அவன் அறையில் நாலு பையன்கள் குதிக்கிறார்கள். வேலை, குளிர், தனிமை என்று மாதக்கணக்கில் புலம்பியவன் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

அப்புறம் 4-2 ஆனது. ஆட்டம் முடிய 1 நிமிடம் 22 விநாடி இருக்கும்போது 4-3. 51 விநாடி இருக்கும்போது 4-4. கூடுதல் நேரத்தில் ஆறாவது நிமிடம் தாண்டியதும் பாஸ்டனின் பெர்ஜெரான் அடித்தார். முடிந்தது. தம்பி மடிக்கணினியை மூடக்கூட இல்லை, எழுந்து போய்விட்டான். காலி சோபாவையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மாட்டியவன்தான். ஜெயித்த அணியைப் பார்த்து வந்திருந்தால் ஒருவேளை அடுத்த வருஷமே விட்டிருப்பேன்.

பிளேஆஃப்னா ஐபிஎல் மாதிரியா?

பேர் ஒன்றுதான், பாடு வேறு. ஐபிஎல்லில் லீக்கில் 14 ஆட்டம், அப்புறம் ஒன்றிரண்டு ராத்திரியில் தலையெழுத்து முடிந்துவிடும். தேசிய ஹாக்கி லீக்கில் 32 அணி, ஆளுக்கு 82 ஆட்டம். அதிலிருந்து 16 அணி உள்ளே வரும். நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை, முதலில் நாலு ஜெயித்தவர் மேலே. ஸ்டான்லி கோப்பை வேண்டுமானால் 16 வெற்றி. ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் வரை இழுக்கும்.

நேரம்தான் நமக்குச் சனி. அங்கே ராத்திரி 7 மணி என்றால் இங்கே விடியக்காலை 4.30. மேற்குக் கரை ஆட்டம் காலை ஏழரைக்கு, பட்டறை திறக்கிற நேரத்தில். தம்பி வீடியோவில் கூப்பிட்டு, போனை டிவி எதிரே சாய்த்து வைத்துவிடுவான். நான் என் போனை எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைப்பேன். வட்டு எங்கே போகிறது என்று பாதி நேரம் தெரியாது, தம்பி கத்துவதை வைத்துத்தான் கணக்கு.

லீக்ல முதலிடம் வந்துட்டா போதாதா?

போதாது. 2019-ல் டாம்பா பே லைட்னிங் 82-ல் 62 ஆட்டம் ஜெயித்தது. முதல் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் நாலும் தோற்று வீட்டுக்குப் போனது. 2023-ல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி, இரண்டுமே லீக் வரலாற்றில் சாதனை. அதுவும் முதல் சுற்றில் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு, கடைசி இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே வந்த புளோரிடாவிடம் தோற்றது.

காரணம் கேட்டால் மூன்று சொல்வேன். ஒன்று, லீக்கில் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். பிளேஆஃபில் இரண்டு வாரம் ஒரே மூஞ்சியைப் பார்க்க வேண்டும். உன் பலவீனத்தை எதிராளி மூன்றாவது ஆட்டத்துக்குள் மனப்பாடம் பண்ணிவிடுவான். இரண்டு, கோல்கீப்பர். இரண்டு மூன்று கோலில் முடிகிற ஆட்டத்தில் ஒரு ஆள் பத்து நாள் சாமி வந்த மாதிரி நின்றால் போதும், எப்பேர்ப்பட்ட அணியும் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரிதான்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வலி. லீக்கில் காயம் பட்டால் உட்கார்ந்துகொள்வார்கள், இப்போது உட்கார மாட்டார்கள். மேலே சொன்ன அதே பெர்ஜெரான், அதே 2013-ல், இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் விலா எலும்பு முறிந்து, தோள் விலகி, நுரையீரலில் சிறு துளையோடு ஆடினார். நம்மை அழ வைத்த ஆள்தான், இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாஸ்டன் மேல் இருப்பது போகவில்லை.

சமநிலையில முடிஞ்சா பெனால்டியா?

லீக்கில் அப்படித்தான். ஐந்து நிமிடம் கூடுதல், அப்புறம் ஒற்றைக்கு ஒற்றை அடித்து முடிப்பார்கள். பிளேஆஃபில் அந்தக் குறுக்குவழி இல்லை. 20 நிமிடம், அப்புறம் இன்னொரு 20 நிமிடம், எவன் முதலில் கோல் போடுகிறானோ அதுவரைக்கும். 1936 மார்ச்சில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆறாவது கூடுதல் நேரம் வரை போனார்கள். 116 நிமிடம் 30 விநாடி கூடுதலாக ஆடி, 1-0. தேசிய ஹாக்கி லீக்கில் இன்று வரை அதுதான் நீளமான ஆட்டம்.

என் சொந்தக் கதை ஒன்று. 2023 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை. டாம்பாவோடு ஆறாவது ஆட்டம், கூடுதல் நேரம். ஜெயித்தால் 2004-க்கு அப்புறம் லீஃப்ஸ் தாண்டுகிற முதல் சுற்று. கரண்ட் போனது. வைஃபை போச்சு. போனில் டேட்டா முந்தின ராத்திரியே தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்திருப்பாரா என்று மொட்டைமாடியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்து, தம்பியின் செய்தி வந்து விழுந்தது: "ஜெயிச்சுட்டோம்ணா. டவாரஸ் கோல்." பத்தொன்பது வருஷத்துச் சாபம் நீங்கிய கோலை நான் பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டிதான் பார்த்தது.

மாலை போட்டிருக்கீங்களா?

ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். கார்த்திகையிலும் இல்லாமல், பங்குனி உத்திரமும் முடிந்த பிறகு தாடியோடு திரிந்தால் கேட்கத்தானே செய்வார்கள். பிளேஆஃப் ஆரம்பித்தால் ஆட்டக்காரர்கள் சவரம் பண்ண மாட்டார்கள், அணி வெளியேறும் வரைக்கும். 1980 முதல் 1983 வரை வரிசையாக நாலு கோப்பை வாங்கிய நியூயார்க் ஐலண்டர்ஸ் பையன்கள் ஆரம்பித்து வைத்தது என்பார்கள். ரசிகர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

நம் ஊர் விரதம் மாதிரிதான், ஒரே வித்தியாசம், இதில் எத்தனை நாள் என்பது நம் கையில் இல்லை. என் தாடி ஒரு மாதம் தாண்டியதே கிடையாது. "நாற்பத்தெட்டு நாள்கூட இருக்க விட மாட்டேங்குறானுங்களே" என்று வீட்டம்மா லீஃப்ஸைத்தான் திட்டுகிறாள்.

சண்டை போடுவாங்களாமே?

போடுவார்கள். பிளேஆஃபில் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப் போடும் சண்டை குறைவு, இடிப்பது அதிகம். ஆனால் ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொள்வார்கள். இரண்டு வாரம் மூக்கை உடைத்தவனிடம் போய் ஏதோ காதில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆட்டம் பிடிக்காதவர்கள்கூட அதை மட்டுமாவது பாருங்கள்.

அந்தக் கோப்பை வெள்ளியாமே? எத்தனை டச்சு, அதாவது சுத்தம் எவ்வளவு?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். வெள்ளியும் நிக்கலும் சேர்ந்த கலவை. பதினைந்தரை கிலோ, உயரம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. உருக்கி விற்றால் என்ன தேறும் என்று கேட்காதீர்கள், கேட்டிருக்கிறார்கள்.

கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-ல் லண்டன் கடையில் 10 கினிக்கு (பழைய பிரிட்டிஷ் காசு) வாங்கியது, சின்னக் கிண்ணம். 1893-ல் முதல் அணிக்குக் கொடுத்தார்கள். ஜெயித்தவர்கள் பெயரைப் பொறிக்க இடம் பற்றாமல் கீழே வளையம் வளையமாகச் சேர்த்துத்தான் இப்போதிருக்கிற உருவம் வந்தது. 1963-ல் பழைய கிண்ணம் நொறுங்குகிற நிலைக்கு வந்ததால் மேலே புதுசு செய்து வைத்து, அசலைப் பத்திரப்படுத்திவிட்டார்கள். இடையில் இரண்டே வருஷம் யாருக்கும் இல்லை: 1919-ல் விஷக் காய்ச்சல், 2005-ல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு.

வேறு கோப்பைகளில் அணியின் பெயர்தான் இருக்கும். இதில் ஆட்டக்காரர் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். மான்ட்ரியலில் ஒரு பட்டறையில், எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறார்கள். 1988-லிருந்து ஒரே அம்மாதான் அடிக்கிறார். தம்பி ஹாக்கி அருங்காட்சியகத்துக்குப் போனபோது வளையத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் இம்மி மேலே கீழே ஏறி இறங்கி நிற்கின்றன. எந்திரத்தில் வெட்டினால் அப்படி வராது. கை அடித்தது. ஒரு எழுத்தை அடிக்கும்போது பக்கத்து எழுத்துத் தகடு லேசாக நெளியும், அதைச் சரிக்கட்ட அடுத்ததை ஒரு முடி தள்ளி வைப்போம். அந்த நெளிவு படத்தில் தெரிந்தது. ஒரு மணி நேரம் பட்டறை வேலை ஓடவில்லை, பையன்கள் எல்லாரும் போனைச் சுற்றி நின்றுவிட்டோம்.

பிழைகளும் உண்டு. 1972-ல் பாஸ்டன் பெயரில் 'ஓ'வுக்குப் பதில் 'கியூ' விழுந்துவிட்டது, அதுவும் இரண்டு இடத்தில். 1981-ல் ஐலண்டர்ஸ் பெயரில் ஓர் எழுத்தையே காணோம். 1996-ல் டெட்மார்ஷ் என்ற ஆட்டக்காரர் பெயரைத் தப்பாக அடித்து, பிற்பாடு திருத்தினார்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தையின் வெள்ளிக் காப்பில் 'ழ' போட வேண்டிய இடத்தில் 'ள' வெட்டிவிட்டேன். பெயர் சூட்டு விழாவுக்கு முந்தின நாள். பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி, அரம் போட்டுத் தேய்த்து, மறுபடி வெட்டினேன். தகடு அந்த இடத்தில் மட்டும் மெலிந்துபோனது. அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குழந்தை அம்மாவோடு கடைவீதியில் வந்தால் என் கண் நேராகக் கைக்குத்தான் போகும்.

அந்தக் கோப்பையில உங்க டீம் பேரு இருக்கா?

இருக்கிறது. இப்போதைக்கு.

கோப்பையின் அடிப்பகுதியில் ஐந்து வளையம். ஒரு வளையத்துக்கு 13 சாம்பியன். நிரம்பிவிட்டால் மேலே இருக்கிற பழைய வளையத்தைக் கழற்றி டொராண்டோ அருங்காட்சியகத்துக்குள் இருக்கிற பழைய வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, கீழே புதுசு ஒன்றைக் கோப்பார்கள். இல்லாவிட்டால் கோப்பை தேர் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். கடைசியாக 2018-ல் கழற்றியது 1965 வரைக்குமான வளையம். அதோடு லீஃப்ஸ் 1962, 1963, 1964-ல் வாங்கிய மூன்றும் போனது. மிச்சம் இருப்பது 1967 ஒன்றுதான். லீக்கில் ஆறே அணி இருந்த கடைசி வருஷம், 42 வயது ஜானி பவர் கோலில் நின்று ஆடிய அணி. அதற்கப்புறம் 58 வருஷமாக இறுதிச் சுற்றுக்கே போகவில்லை.

இப்போது கீழே இருக்கிற வளையம் 2018-ல் ஆரம்பித்தது. கணக்குப் போடுங்கள்: 2030 சாம்பியனோடு நிரம்பும். அடுத்த பெயர் அடிக்க 1966-லிருந்து 1978 வரைக்குமான வளையம் கழற்றப்படும். அதற்குள் ஜெயிக்காவிட்டால் லீஃப்ஸ் என்ற பெயரே கோப்பையில் இருக்காது. இன்னும் ஆறு வாய்ப்பு, இந்த வருஷத்தையும் சேர்த்து. தம்பிக்கு இது தெரியாது, நான்தான் சொன்னேன். "ஏண்ணா காலங்காத்தால" என்றான்.

சரி, இந்த வருஷம் தேறுமா?

தேறும் என்று வாயால் சொல்ல மாட்டேன். இருக்கிறதைச் சொல்கிறேன்.

பயிற்சியாளர் கிரெய்க் பெரூபே புதுசு. 2019 ஜனவரி ஆரம்பத்தில் லீக்கிலேயே கடைசியில் கிடந்த செயின்ட் லூயிஸை அதே ஜூனில் கோப்பை வாங்க வைத்தவர். கோலில் ஸ்டோலார்ஸ், போன வருஷம் புளோரிடா ஜெயித்தபோது அங்கே இரண்டாவது கோல்கீப்பராக உட்கார்ந்திருந்தவர். நைலாண்டர் 40 கோலைத் தாண்டிவிட்டார். மார்னர் நூறு புள்ளியை (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து) நெருங்குகிறார், அவரோடு ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறது, அது ஒரு திகில். போன வருஷம் 69 கோல் அடித்த கேப்டன் மாத்யூஸ் இந்த வருஷம் அதில் பாதியைத் தொட்டாலே பெரிசு. உடம்பில் ஏதோ தொந்தரவு என்கிறார்கள்.

2013, 2018, 2019, 2024. நாலு முறையும் ஏழாவது ஆட்டம், நாலு முறையும் பாஸ்டன். இந்த வருஷம் பாஸ்டன் உள்ளேயே வரவில்லை. கேட்கிறவர்கள் எல்லாம் "அப்புறம் என்ன, கவலை விட்டது" என்கிறார்கள். எனக்குக் கவலை அதனால்தான். இனிமேல் தோற்றால் யாரைச் சொல்வது? பிரிவில் முதலிடத்தோடு முடித்தால் பக்கத்து ஊர் ஒட்டாவா எதிரே வரலாம். 2000 முதல் 2004 வரை நாலு முறை மோதி நாலிலும் லீஃப்ஸ் ஜெயித்த அணி. இதையும் சத்தமாகச் சொல்லக் கூடாது.

வீட்டம்மாவிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது. முதல் சுற்று நடக்கும்போது கடைவீதிக்குச் செந்தூரா வந்துவிடும். அடுத்து குண்டு, இமாம்பசந்த். மல்கோவா நன்றாகப் பழுத்து வருகிற மே கடைசியில்தான் மூன்றாவது சுற்று. லீஃப்ஸ் அங்கே கடைசியாக நின்றது 2002-ல். "உங்க டீம் உள்ள இருக்கும்போது ஒரு மல்கோவா அறுத்துத் தரணும்னு எனக்கும் ஆசைதான்" என்றாள் போன வாரம். பன்னிரண்டு வருஷத்தில் அவள் முதன்முதலாக இந்த ஆட்டத்தைப் பற்றித் திட்டாமல் சொன்ன வாக்கியம்.

உங்க டீமை விட்டுடுங்க, வேற என்ன பார்க்கலாம்?

போன வாரம் ஏப்ரல் 6-ல் வாஷிங்டனின் ஒவெச்கின் 895-ஆவது கோல் அடித்து, லீக்கில் அதிக கோல் என்ற கிரெட்ஸ்கியின் சாதனையை முறியடித்தார். அவரைப் பாருங்கள், 39 வயது. கிழக்கிலிருந்து பிளேஆஃபுக்குள் போகிற கடைசி இடத்துக்கு மான்ட்ரியலும் கொலம்பஸும் மல்லுக்கட்டுகின்றன. கொலம்பஸ் ஆட்டக்காரர் ஜானி கௌட்ரோவும் அவர் தம்பியும் போன ஆகஸ்டில் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனார்கள். அந்த அணி அவர் பெயரைச் சுமந்துகொண்டுதான் இந்த வருஷம் முழுக்க ஆடியது. என் அணியைத் தவிர வேறு யாராவது ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒருநாள் பார்க்க வரலாமா?

வாருங்கள். முதல் ஆட்டத்துக்கு வேண்டாம், அன்றைக்கு நான் நல்ல மனுஷனாக இருக்க மாட்டேன். நாலு மணிக்கு பைபாஸ் பக்கம் டீக்கடை திறந்திருக்கும், பிளாஸ்க்கில் வாங்கி வந்துவிடுங்கள். கேட்டில் தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டு இல்லை. லீஃப்ஸ் முன்னால் இருக்கும்போது நேரம் எவ்வளவு மிச்சம் என்று கேட்கக் கூடாது. நீங்கள் வந்த அன்றைக்கு ஜெயித்தால், அடுத்த ஆட்டத்துக்கும் அதே சட்டையில், அதே முக்காலியில் வந்து உட்கார வேண்டியிருக்கும். வேலை இருக்கிறது, வெளியூர் போகிறேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. யோசித்துக்கொண்டு வாருங்கள்.